பழைய அம்பாசடருக்குப் படகுச் சக்கரமா?

கொல்லையில் நிற்கும் அம்பாசடருக்குப் பழைய படகின் மர ஸ்டீயரிங் சக்கரத்தை மாட்ட ஆசையா? முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். வண்டியின் மூல அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஏர்பேக் உள்ள கார் என்றால் பேச்சே வேண்டாம்.

படகின் ஸ்டீயரிங் தண்டு நுனி பெரும்பாலும் கூம்பாக இருக்கும். கார் தண்டில் பல் பல்லாக ஸ்ப்ளைன். இரண்டும் நேரடியாகச் சேராது. உங்கள் வண்டிக்கான பாஸ் (ஸ்டீயரிங்கைத் தண்டோடு இணைக்கும் நடுப்பகுதி) ஒன்றை வாங்கி, நடுவே போடும் தகட்டை விருத்தாசலத்தில் நல்ல லேத் பட்டறையில் கடையச் சொல்லுங்கள். தண்டில் வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய ஸ்டீயரிங்கைக் கழற்றும்போது பேட்டரி ஒயரை எடுத்து, முன்சக்கரங்களை நேராக வைத்து, தண்டிலும் பாஸிலும் குறி போடுங்கள். நட்டைத் தளர்த்துங்கள், முழுதாக எடுக்க வேண்டாம். அப்போதுதான் புல்லர் இழுக்கும்போது ஸ்டீயரிங் முகத்தில் பாயாது. சுத்தியல் ஆகாது.

16 அங்குலச் சக்கரம் இருந்த இடத்தில் 12 அங்குலம் வந்தால், திருப்பக் கை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அழுத்த வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் தோள் சொல்லும். பிடிகள் வெளியே நீட்டும் கப்பல் சக்கரம் சுவருக்குத்தான் அழகு. மோதினால் நெஞ்சில் குத்தும்.

ஹாரன் ஒலிக்கிறதா, இருபுறமும் கடைசி வரை திருப்பும்போது முழங்கால் இடிக்கிறதா என்று நிறுத்தியபடியே பாருங்கள். சோதனை ஓட்டம் ஆளில்லாத மைதானத்தில். மாசி மகத்துக்குப் பூவராகர் சுவாமி ஊர்வலமாகக் கிள்ளைக்குப் புறப்படும் நாளில், தெருவில் வேண்டாம்.