ஒரு கணிப்பொறியில் மட்டும் ஏன் உறைகிறது?

பள்ளியில் அருகருகே இரண்டு கணிப்பொறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் நிரல் எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டர் இருக்கிறது. அதனோடு வேண்டிய துணை நிரல்களை இணைத்துக்கொள்ளலாம். இவற்றை நீட்சிகள் என்கிறோம். ஒரு நீட்சியின் வேலை, கோப்பைச் சேமிக்கும்போது வரிகளின் முடிவில் வீணாகக் கிடக்கும் இடைவெளிகளை நீக்குவது. இடப்பக்கக் கணிப்பொறியில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. வலப்பக்கத்திலோ சேமிக்கச் சொன்னதும் நீட்சிகள் எல்லாமே உறைந்து நிற்கின்றன. நீங்கள் என்ன செய்வீர்கள்?

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாம் என்று தோன்றும். வேண்டாம். கோளாறு போனாலும் போகும். காரணமும் அதோடு போய்விடும்.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எடிட்டர் எவ்வளவு செயல்திறனை எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். ஏறத்தாழ சுழியாக இருந்தால் அது எதற்கோ காத்திருக்கிறது. வராத இணையப் பதிலுக்காக இருக்கலாம், வேறு நிரல் பூட்டி வைத்த கோப்புக்காக இருக்கலாம். அளவு ஏறி அப்படியே நின்றால், உறைந்ததாகத் தோன்றும் நீட்சி உண்மையில் மூச்சு விடாமல் உழைக்கிறது! நம் கணிப்பொறியில் அளவு ஏறி நிற்கிறது.

உழைப்பது எந்த நீட்சி? இந்த எடிட்டரில் நீட்சிகள் பொதுவாக ஒரே அறையில் வரிசையாக வேலை செய்கின்றன. ஒன்று வழியை மறித்தால் மற்றவையும் நின்றுவிடும். ஆகவே எல்லாமே குற்றவாளிகள் போலத் தெரியும். 16 நீட்சிகள் இருந்தால், 8-ஐ நிறுத்திவிட்டுச் சேமித்துப் பாருங்கள். இன்னும் உறைகிறதா? குற்றவாளி மீதி 8-இல் இருக்கிறது. அதையும் பாதியாக்குங்கள். 8, 4, 2, 1, நான்கே சோதனைகள். குற்றவாளி ஒன்றே ஒன்றாக இருந்தால்தான் இம்முறை நேராகப் பலிக்கும். எடிட்டரிலேயே இதற்கொரு வசதி உண்டு. நாமோ கையாலேயே செய்து, இடைவெளி நீக்கும் நீட்சியைப் பிடித்துவிட்டோம்.

ஆனால் அதே நீட்சி, அதே பதிப்பு, இடப்பக்கத்தில் ஒழுங்காக ஓடுகிறதே! இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். வலப்பக்கத்தில் திறந்திருந்த கோப்பை இடப்பக்கத்துக்கு எடுத்துச் சென்று சேமிப்போம். அங்கும் உறைகிறது! கணிப்பொறி நிரபராதி. அந்தக் கோப்பு இதுவரை ஓரிடத்தில் மட்டும் இருந்தது, அவ்வளவுதான்.

கோப்பில் ஒரு வரியின் நடுவே 2,00,000 இடைவெளிகள். கடைசியில் ஓர் எழுத்து. நீட்சி முதல் இடைவெளியிலிருந்து எண்ணிக்கொண்டே போகிறது. எழுத்து குறுக்கிட, தேடல் தோற்கிறது. உடனே இரண்டாவது இடைவெளியிலிருந்து மறுபடி தொடங்குகிறது. பிறகு மூன்றாவது... தாளில் 5 புள்ளிகள் வைத்துச் செய்து பாருங்கள்: 5+4+3+2+1, மொத்தம் 15. புள்ளிகள் 10 ஆனால் 55. இரண்டு லட்சம் ஆனால் ஏறத்தாழ 2,000 கோடி!

இது வெறும் கற்பனையன்று. 2016 ஜூலை 20 அன்று நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃபுளோ 34 நிமிடங்கள் நின்றுபோனது. ஒரு பதிவில் இருந்த சுமார் 20,000 இடைவெளிகளும் இதே வகைத் தேடலுமே காரணம்.

அந்த வரியைத் திருத்தினால் இன்றைய வேலை நடக்கும். நீட்சியை எழுதியவருக்குக் கோப்பை அனுப்பினால், தேடும் முறையையே அவர் மாற்றிவிடலாம். வரியின் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் முதலில் எதிர்ப்படுவது அந்த எழுத்து. நீக்க ஒன்றுமில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.