பரிமாற்ற நினைவகமும் பிழைதிருத்தியும்

ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் மாற்றுங்கால், ஒன்றில் கழித்து மற்றொன்றில் கூட்டாமல் நின்றுவிடலாகாது. இரண்டும் நிகழவேண்டும்; அன்றேல் இரண்டுமே நிகழாதிருக்க வேண்டும். இவ்வொழுங்கைச் செயலியே காக்கும் ஏற்பாடு பரிமாற்ற நினைவகம் எனப்படும். ஐ.பி.எம். நிறுவனத்தின் பவர்8 செயலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

‘டிபிகின்’ எனும் கட்டளை வந்தவுடன் செயலி தன் பதிவகங்களின் மதிப்புகளைப் படியெடுத்து ஒதுக்கிவைக்கிறது. இதனை மீட்புப்படி என்போம். அதன்பின் நினைவகத்தில் எழுதுபவை பிற இழைகளுக்குப் புலப்படா. ‘டிஎண்ட்’ கட்டளையை அடைந்தால் யாவும் ஒருசேர நிலைபெறும். இடையில் வேறோர் இழை அதே இடத்தில் எழுதினால், செய்தவை கைவிடப்பட்டு, மீட்புப்படி பதிவகங்களுக்குத் திரும்பும். டிபிகினுக்கு அடுத்த கட்டளையிலிருந்து நிரல் தொடரும். அம்முகவரியை டிஎஃப்எச்ஏஆர் என்னும் பதிவகம் தாங்குகிறது. தோல்வியின் காரணத்தை டெக்சாசர் பதிவகமும், தோற்ற கட்டளையின் முகவரியை டிஎஃப்ஐஏஆர் பதிவகமும் கூறும்.

இனிப் பிழைதிருத்தியின் இடர்ப்பாட்டைக் காண்போம். நிரலை நடுவில் நிறுத்தி ஆராய்வது அதன் தொழில். ஆனால் நிறுத்துதலே பரிமாற்றத்தைக் குலைத்துவிடுகிறது! இழையைச் செயலியிலிருந்து அகற்றும்பொழுது கெர்னல் பரிமாற்றத்தை முறித்து, நடப்பு மதிப்புகள், மீட்புப்படி ஆகிய இரு தொகுதிகளையும் சேமித்துக்கொள்கிறது.

டிபிகினுக்கு முன் ஐந்தாம் பதிவகத்தில் 10 இருந்தது. பரிமாற்றத்தினுள் அது 25 ஆகி, நினைவகத்திலும் எழுதப்பட்டது எனக் கொள்வோம். அங்கு நிறுத்தினால் பதிவகம் 25 எனக் காட்டும். நினைவகமோ பழைய மதிப்பையே காட்டும், ஏனெனில் அவ்வெழுத்து ஏற்கெனவே கைவிடப்பட்டது. புதிதாகப் பயில்வோர் இங்குதான் தடுமாறுகின்றனர். ஆய்வாளர் 25ஐ 30 ஆகத் திருத்தி நிரலை ஓடவிட்டால் அவர் உழைப்பு வீண். இழை மீட்புப்படியின் 10 என்னும் மதிப்புடனேயே தொடரும். மீட்புப்படியைத் திருத்தினால் மட்டுமே 30 நிலைக்கும்.

ஆகவே மீட்புப்படியையும் மேற்கூறிய மூன்று பதிவகங்களையும் படிக்கவும் எழுதவும் வழி வேண்டியிருந்தது. லினக்ஸ் 4.8 பதிப்பு (2016) பிட்ரேஸ் அழைப்பின் வாயிலாக அதனைத் திறந்தது. இழை பரிமாற்றத்தில் இல்லாதபொழுது மீட்புப்படியைக் கேட்டால், தரவில்லை என்னும் பிழைக்குறி வரும். காலாவதியான எண்களைத் தருவதினும் இது எத்துணையோ மேல். பரிமாற்ற நினைவகமே இல்லாத செயலியிலோ சாதனமில்லை என்ற விடை கிடைக்கும். 2021இல் வெளிவந்த பவர்10 செயலியில் இவ்வசதி நீக்கப்பட்டுவிட்டதால், மாணவர்க்குச் செய்துகாட்ட விரும்பும் ஆசிரியர் பவர்8 பொறியொன்றையே நாடுதல் நன்று.