வினவல் பொறியும் சோதனைத் தரவும்

கணிப்பொறியிடம் வினா ஒன்றை விடுக்கிறோம். நொடிப்பொழுதில் விடை வருகின்றது. வந்த விடை சரியானதுதானா என்பதை எவ்வாறு அறிவது? பொறி பழுதுற்று நின்றுவிட்டால் அதனை எவரும் அறிவர். ஆனால், பிழையான விடையை மெய்யான விடையின் வடிவிலேயே அச்சிட்டுத் தருமாயின் அதனைக் கண்டறிவார் யார்? உதவித்தொகை பெறத் தகுதியுடையோர் பட்டியலில் ஒரு மாணவரின் பெயர் விடுபட்டால், விடுபட்ட செய்தி அம்மாணவருக்கே தெரியாமற் போகக்கூடும். தரவுத்தள மென்பொருளை ஆக்குவோர் சோதனைத் தரவை ஒழுங்குபடுத்துவதைத் தனிக்கலையாகவே பேணி வருவது இதனாலாகும்.

1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். தரவுகள் அனைத்தையும் நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாகக் காணலாம் என்பது அவர் காட்டிய நெறி. (அணிகள் பற்றிய கணிதப் பாடத்தில் நாம் பயின்ற அதே நிரையும் நிரலுமே இவை.) இந்நெறியில் பயனர் தமக்கு எது வேண்டும் என்று மட்டும் கூறுவார்; அதனை எவ்வழியில் தேடுவது என்பதைப் பொறியே முடிவு செய்யும். மூன்று அட்டவணைகளை இணைக்க வேண்டுமெனில் எதனை முதலில் இணைப்பது, எவ்வுத்தியால் இணைப்பது என வழிகள் பலவாகக் கிளைக்கின்றன. எவ்வழியிற் சென்றாலும் விடை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். சோதனையின் அருமை இங்குதான் உள்ளது.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். ஒரு கல்லூரியில் மாணவர் அட்டவணை ஒன்றும், நூலகத்தில் நூல் பெற்றோர் அட்டவணை ஒன்றும் உள்ளன எனக் கொள்வோம். நூலே பெறாத மாணவர் யாவர் என்பது வினா. பெற்றோர் பட்டியலில் இல்லாத பதிவெண்களைத் தருக என்று எஸ்.க்யூ.எல். மொழியில் எழுதுகிறோம். நூலகப் பதிவுகளுள் ஒரே ஒரு நிரையில் மட்டும் பதிவெண் எழுதப்படாமல் வெற்றாக இருந்தால் என்ன நிகழும்? விடையில் ஒருவர் பெயரும் வராது! அவ்வெற்றிடத்தில் இருக்கவேண்டிய எண் யாருடையதாகவும் இருக்கலாம்; ஆகவே 'இவர் பட்டியலில் இல்லை' என்று எவரைக் குறித்தும் உறுதியாகச் சொல்ல இயலாது என்பது மொழியின் தருக்கம். மெய், பொய் என்னும் இரண்டோடு 'அறியோம்' என்னும் மூன்றாம் நிலையையும் அத்தருக்கம் ஏற்கின்றது. இவ்வினாவுக்கு வெறும் விடையே சரியான விடை. மூன்று பெயர்களைத் தரும் பொறியே பிழையுடையது. வெற்று மதிப்பு ஒன்றேனும் இல்லாத தரவைக்கொண்டு ஆயிரம் முறை சோதித்தாலும் இப்பிழை வெளிப்படாது.

நிரையே இல்லாத அட்டவணையும் இவ்வாறே தேவைப்படும். அதன் நிரைகளை எண்ணச் சொன்னால் விடை சுழியம். ஒரு நிரலைக் கூட்டச் சொன்னால் விடை சுழியமன்று, வெற்று மதிப்பு. புதிதாகப் பொறி அமைப்போர் இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் எளிது.

இனி, இத்தகைய தரவுகளை எவ்வாறு அடுக்கி வைப்பது? 2012ஆம் ஆண்டில் கிளௌடெரா நிறுவனம் அறிமுகப்படுத்தி, பின்னர் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமாக மாறிய இம்பாலா என்னும் வினவல் பொறி இதற்கு நல்லதோர் சான்று. அதன் மூலநிரல் அனைவரும் காணத் திறந்தே கிடக்கின்றது. அங்கே 'ஆல்டைப்ஸ்' என்றோர் அட்டவணை உண்டு. பலவகை முழு எண்கள், பின்ன எண்கள், எழுத்துச்சரம், நேரக்குறிப்பு எனத் தரவு வகைகள் பலவற்றுக்கும் அதில் நிரல்கள் உள்ளன. 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளின் 730 நாள்களுக்கு, நாளொன்றுக்கு 10 வீதம் 7,300 நிரைகள். ஆண்டும் மாதமுமாகப் பிரித்த 24 பகுதிகள். அதே சட்டகத்தில் 100 நிரைகள் கொண்ட சிறிய அட்டவணை ஒன்றும், எட்டே நிரைகள் கொண்ட மிகச்சிறிய அட்டவணை ஒன்றும் உள்ளன. எட்டு நிரைகளால் என்ன பயன் என்று கேட்கலாம். எட்டு நிரைகளுக்கான விடையை மனிதர் ஒருவர் தாளில் எழுதிக் கணக்கிட்டுவிடலாம். 7,300 நிரைகளுக்கு அது இயலாது. என் கருத்தில், சோதனைத் தரவின் முதற்பண்பு பெருமையன்று, கையால் சரிபார்க்கத் தகும் சிறுமையே.

ஸ்கீமா எனப்படும் அட்டவணைச் சட்டகத்தை ஓரிடத்தில் ஒரு முறை மட்டும் எழுதி வைப்பது அம்முறையின் மற்றொரு சிறப்பு. ஒரே அட்டவணையைச் சாதாரண உரைக்கோப்பாகவும், பார்க்கே போன்ற நிரல்வழிக் கோப்பாகவும், சுருக்கியும் சுருக்காமலும் சேமித்து வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சட்டகம் எழுதினால், ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றில் விடுபட்டுப்போகும். எனவே பொதுவான ஒரு வார்ப்பிலிருந்து எல்லா வடிவங்களும் பிறப்பிக்கப்படுகின்றன. வினாவும் எதிர்பார்க்கும் விடையும் மட்டும் எழுதிய கோப்பு ஒன்றே எல்லா வடிவங்களுக்கும் உரைகல்லாகின்றது.

ஆயினும் சேர்க்கைகள் பெருகும். கோப்பு வடிவங்கள் 5, சுருக்கும் முறைகள் 4, பொறியின் இயக்க அமைப்புகள் 3 என வைத்துக்கொண்டால் மொத்தம் 60 சேர்க்கைகள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அறுபதையும் ஓட்டினால் நேரம் போதாது. எந்த இரு கூறுகளை எடுத்துக்கொண்டாலும் அவற்றின் எல்லா இணைகளும் ஒரு முறையேனும் வந்துவிட வேண்டும் என்று மட்டும் வரையறுத்தால் 20 சேர்க்கைகள் போதும். மாணவர்கள் இதனைத் தாமே கட்டமிட்டுப் பார்க்கலாம். நாள்தோறும் சிலவற்றை மட்டும் ஓட்டி, இடையிடையே இணைகளையும், எப்போதேனும் முழுவதையும் ஓட்டுவது பொருத்தமான ஏற்பாடு.

விரைவை அளப்பதற்கு வேறு வகைத் தரவு வேண்டும். 1988இல் தோன்றிய டி.பி.சி. என்னும் அவை வகுத்த 'டி.பி.சி.-எச்' அளவுகோல் பலரும் அறிந்தது. எட்டு அட்டவணைகள், 22 வினாக்கள். உலகப் பகுதிகள் 5, நாடுகள் 25 என்பன மாறா. பிறவோ அளவுக்காரணி என்னும் எண்ணுக்கேற்ப வளரும். அது 1 ஆயின் வாடிக்கையாளர் 1,50,000, கொள்முதல் ஆணைகள் 15,00,000, ஆணையின் உட்பிரிவு வரிகள் 60,01,215. தரவைப் பிறப்பிக்கும் நிரல் எத்தனை முறை ஓடினாலும் அதே தரவையே தரும். இது பெரும் நன்மை. நேற்றைய விடையை இன்றைய விடையோடு ஒப்பிட இயலும்.

ஆனால் அத்தரவில் குறையும் உண்டு. மதிப்புகள் பெரும்பாலும் சீராகவும் ஒன்றையொன்று சாராமலும் பரவியுள்ளன. உலகம் அவ்வாறு இல்லையே. ஒரு திரைப்படப் பட்டியலில் பத்தில் ஒன்று பிரான்சில் எடுக்கப்பட்டது, பத்தில் ஒன்று பிரெஞ்சு மொழியினது என்று கொள்வோம். இவ்விரண்டும் தொடர்பற்றவை எனக் கருதும் பொறி, இரண்டும் பொருந்தும் படங்கள் நூற்றில் ஒன்று என மதிப்பிடும். உண்மையிலோ அது ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகவே இருக்கும். இப்பத்து மடங்குப் பிழை அடுத்தடுத்த இணைப்புகளில் பெருகி, பொறியைத் தவறான வழியிற் செலுத்தும். 2015ஆம் ஆண்டில் விக்டர் லைஸ் முதலானோர் ஐ.எம்.டி.பி. திரைப்படத் தரவின் 21 அட்டவணைகள்மீது 113 வினாக்களை விடுத்து இக்குறையை வெளிப்படுத்தினர்.

எதிர்பார்க்கும் விடையை எங்கிருந்து பெறுவது என்பதும் ஆராயத்தக்கது. சோதிக்கப்படும் பொறியின் விடையையே எடுத்து உரைகல்லாக வைத்தால், அதன் பிழையும் உடன் பதிந்துவிடும். மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவது போன்றது அது. எஸ்.க்யூ.லைட் குழுவினரின் சோதனைத் தொகுதி ஒரே வினாவைப் பல பொறிகளிடம் கேட்டு விடைகளை ஒப்பிடுகின்றது. வரிசைமுறை கோரப்படாத வினாவுக்கு நிரைகள் எம்முறையிலும் வரலாமாதலின், விடைகளை வரிசைப்படுத்திய பின்னரே ஒப்பிட வேண்டும்.

தமிழ் பயில்வோர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. ஆங்கிலப் பெயர்கள் மட்டுமே நிறைந்த சோதனைத் தரவில் எழுத்து, குறியீடு, பைட்டு ஆகிய மூன்றின் எண்ணிக்கையும் ஒன்றாகவே நிற்கும். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று, யூனிகோடு குறியீடுகள் ஐந்து, யூ.டி.எப்.-8 முறையில் பைட்டுகள் பதினைந்து. இச்சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் எதனைச் சரியான விடையெனக் குறிப்பது? அகரவரிசையிலும் இதே இடர் உண்டு. நம் அகராதியில் 'பவளம்' முன்னும் 'பழம்' பின்னும் வரும். யூனிகோடு அட்டவணையிலோ ழகரம் வகரத்துக்கு முன்னே அமைந்திருப்பதால், குறியீட்டெண்ணை மட்டும் நோக்கி அடுக்கும் பொறி 'பழம்' என்பதை முதலில் வைக்கும். இவ்விரு சொற்களும் சோதனை அட்டவணையில் இடம்பெறாத வரையில், அப்பொறி எல்லாத் தேர்விலும் வெற்றி பெற்றதாகவே ஏட்டில் பதிவாகும்.