பக்கவாத மாத்திரை சாப்பிடுறவரா? வலி மாத்திரை வாங்கும் முன் இதைப் படிங்க!

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஏறி இறங்கி முழங்கால் வலித்தால், மருந்துக்கடையில் "வலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கேட்பது நம்மில் பலரின் பழக்கம். ஆனால் பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்று மாத்திரை சாப்பிட்டு வருபவர்களுக்கு, அந்த ரெண்டு மாத்திரை பெரிய ஆபத்தைக் கொண்டு வரலாம்.

ஏன் இரத்தம் கசிகிறது?

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை இரத்தக்கட்டி அடைப்பதால்தான் பெரும்பாலான பக்கவாதம் வருகிறது. மறுபடி கட்டி உண்டாகாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகளைத் தருகிறார்கள். இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு வார்ஃபரின், அபிக்ஸபான் போன்றவை தரப்படலாம். இவை இரத்தம் உறைவதைக் குறைப்பதால், வயிற்றிலோ குடலிலோ சின்னப் புண் இருந்தால்கூட கசிவு எளிதில் நிற்காது. கூடவே டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றுப் புண்ணும் கசிவும் வரும் வாய்ப்பு இன்னும் கூடும்.

வயதானவர்கள், முன்பே அல்சர் இருந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், மது அருந்துபவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும்.

இந்த அறிகுறிகளைக் கவனிங்க

* மலம் தார் போல கருப்பாக, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் போவது
* மலத்தில் சிவப்பாக இரத்தம்
* இரத்த வாந்தி, அல்லது காபித்தூள் போன்ற வாந்தி
* எழுந்தால் தலைசுற்றல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, முகம் வெளுத்துப் போவது

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும். அதுதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்யாதீங்க, டாக்டரிடம் காட்டுங்க. பேச முடியாத நோயாளிக்கு இந்த மாற்றத்தை வீட்டில் பார்த்துக்கொள்பவர்தான் கவனிக்கணும்.

என்ன செய்யணும்?

இரத்த வாந்தி, கருப்பு மலம், மயக்கம் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்க. நம்முடையது எல்லையோர ஊர் என்பதால் ஊர், தெரு, அடையாளத்தோடு மாநிலத்தையும் தெளிவாகச் சொல்லுங்க.

வெறும் வயிற்றெரிச்சலுக்குப் பயந்து பக்கவாத மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீங்க. நிறுத்தினால் பக்கவாதம் திரும்ப வரலாம். கசிவு இருந்தால், எந்த மாத்திரையை நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். வயிற்றைக் காக்க அவர் எழுதித் தந்த மாத்திரையை "கேஸ் மாத்திரைதானே" என்று விட்டுவிடவும் கூடாது. மூட்டு வலிக்கு எது பாதுகாப்பானது என்பதையும் அவரிடமே கேளுங்க.

உங்கள் ஸ்மார்ட்போன் உதவும்

டிஸ்சார்ஜ் சீட்டையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் இன்றே போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்க. திருப்பதியிலோ சித்தூரிலோ சிகிச்சை எடுத்திருந்தால் இது மிகவும் அவசியம். என்ன மருந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பது தெரிந்தால் இங்குள்ள டாக்டர் உடனே சிகிச்சையைத் தொடங்க முடியும்.

மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். விவரத்துக்கு 1800 425 3993. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை தர வீட்டுக்கு வருபவரிடம், நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் மறக்காமல் காட்டுங்க.