முட்டைக் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து

மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோகும் நாள்களில், லயத்து வீடுகள் பலவற்றில் முட்டைக் காசுதான் கைகொடுக்கின்றது. இருபது கோழிகள் வளர்க்கும் குடும்பத்திற்கு அவை ஒரு சிறு சேமிப்பு. அச்சேமிப்பு ஒரே வாரத்தில் அழிந்துபோவதும் உண்டு. முதல் நாள் இரண்டொரு கோழிகள் கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து மூச்சுத் திணறும். தொண்டையில் கறகறவென்று ஒலி எழும். பின்னர்ப் பச்சையாகக் கழியும். பிழைத்தவற்றுள் சில கழுத்து முறுக்கி நிற்கும். இடுகின்ற முட்டை குறையும்; ஓடும் மெலிந்திருக்கும்.

இதனைத் தமிழர் வெள்ளைக் கழிச்சல் என்பர். மலாய்க்காரர் 'சம்பார் ஆயாம்' என்பர். மருத்துவ நூல்கள் நியூகாசல் நோய் என்று குறிக்கும். 1926ஆம் ஆண்டில் சாவகத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் இது கண்டறியப்பட்டது. இதற்குக் காரணம் ஒரு நச்சுயிரி. அதனைக் கொல்லும் மருந்து இல்லை. கடையில் வாங்கும் மாத்திரையாலும், வெங்காயமும் மஞ்சளும் அரைத்துப் புகட்டுவதாலும் இந்நோய் தீராது.

"மருந்து கொடுத்த மறுவாரமே கோழி செத்தது, மருந்துதான் கொன்றது" என்பார் உளர். அவர்கள் கண்டதைக் கூறுகின்றனர். காரணத்தைத்தான் மாற்றிக் கொள்கின்றனர். பக்கத்து வீட்டுக் கோழிகள் மடியத் தொடங்கிய பின்னரே பலரும் மருந்து தேடி ஓடுகின்றோம். உடலில் புகுந்த நோய் வெளிப்பட 2 முதல் 15 நாள்கள் வரை செல்லும். தடுப்பாற்றல் உண்டாகவோ ஒரு வாரத்திற்கு மேலாகும். நோய் முந்திக்கொண்டால் பழி மருந்தின்மேல் விழுகின்றது. ஆகவே, கோழிகள் நலமாக இருக்கும்போதே மருந்து கொடுத்தல் வேண்டும்: குஞ்சின் முதல் வாரத்தில் ஒருமுறை, 3 அல்லது 4 வாரங்களில் மறுமுறை, முட்டையிடத் தொடங்குமுன் ஒருமுறை, அதன்பின் சில மாதங்களுக்கொருமுறை, கால்நடை இலாகா அதிகாரி கூறும் கணக்குப்படி.

மருந்து கெடுவதற்கு வெப்பமே முதற்காரணம். இஃது உயிருள்ள மருந்து. 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருத்தல் வேண்டும். பட்டணத்தில் வாங்கிச் சட்டைப் பையிலிட்டு, வெயிலில் மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்தால் லயத்தை அடையுமுன்பே வீணாகிவிடும். ஐஸ் கட்டியிட்ட தெர்மாஸ் குடுவையில் கொணர்க.

குழாய் நீரிலுள்ள குளோரினும் மருந்தைக் கொன்றுவிடும். நீரில் கலந்து கொடுப்போர் லிட்டருக்கு 2 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு சிறு தேக்கரண்டி, கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்து, அரைமணி நேரம் கழித்து மருந்தைச் சேர்க்கலாம். தகர வாளி வேண்டா. சவர்க்காரம் படாத பிளாஸ்டிக் பாத்திரமே நன்று. முன்னதாக இரண்டு மணி நேரம் கோழிகளுக்குத் தண்ணீர் காட்டாதிருந்தால் தாகத்தோடு குடிக்கும். ஆயினும், மெலிந்த கோழியை வலிய கோழி விரட்டிவிடுமாதலால், சில கோழிகளே உள்ளவர்கள் கண்ணில் ஒரு சொட்டு விடுவதையே நாம் விரும்புகின்றோம். சொட்டு உள்ளே இறங்கும்வரை கோழியை விடலாகாது.

இனி, ஒரு புட்டியில் பல நூறு கோழிகளுக்குரிய மருந்து உண்டு. கலந்த இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். எஞ்சியதை மறுநாளுக்கு வைத்தல் பயனற்றது. ஒரு வீட்டார் தனியே வாங்குதல் வீண் செலவு. லயம் முழுவதும் ஒன்றுசேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கோழிகள் கூட்டைவிட்டு இறங்குமுன் எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் கொடுத்தால் செலவும் குறையும். பிடிக்க ஓடும் தொல்லையும் இராது. ஒரு வீடு விடுபட்டால் அங்கு நோய் தங்கி, அடுத்த மாதம் பொரிக்கும் குஞ்சுகளைத் தேடி வரும்.

வெப்பத்தைத் தாங்கும் மருந்தும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1966ஆம் ஆண்டில் கண்டெடுத்த 'வி4' என்னும் தீங்கற்ற நச்சுயிரியினின்று வெப்பந்தாங்கும் வகையைத் தெரிந்தெடுத்து, 1980களில் நம் நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் கிராமக் கோழிகளுக்குத் தீனியோடு கொடுத்துச் சோதித்தனர்.

மருந்திட்ட சில நாள்கள் கோழிகள் இலேசாகத் தும்மலாம், அஞ்ச வேண்டா. மாறாக, முட்டையோடு சொரசொரப்பாகிக் கோணலுற்று, வெண்கரு நீர்த்துக் காணப்பட்டால் அது தொற்றுச் சுவாசக்குழாய் அழற்சியாயிருக்கலாம். அதற்குத் தடுப்பு மருந்து வேறு. செத்த கோழியை ஆற்றில் எறியாமல் ஆழப் புதைத்துவிட்டு, அதிகாரிக்குத் தெரிவியுங்கள். மருந்தைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்க வேண்டா. கண் சிவந்து சில நாள்கள் உறுத்தும்.