அப்பாவுக்கு எட்டு, குழந்தைக்குப் பதினொன்று

அன்புள்ள கயல்விழிக்கு,

அமெரிக்க ஊட்டச்சத்து அட்டவணையில் 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மி.கி. இரும்பு, வளர்ந்த ஆணுக்கு 8 மி.கி. "அச்சுப்பிழையா சார்?" என்று கேட்டுவிட்டு நீ பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாய். எனக்குத்தான் அது மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது.

பிழை இல்லை. பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துச் சராசரி எடுத்து இந்த அட்டவணையைப் போட்டதாக ஒரு பயிற்சி முகாமில் ஒருவர் சொன்னார். பீட்ரூட் சிவப்பு, அதனால் ரத்தம் ஊறும் என்ற கட்டுக்கதைக்கும் அவர் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நோட்டை எடு. அந்த வயதில் குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 13 கிராம் கூடும். கிலோவுக்கு 70 மி.லி. ரத்தம் என்றால், அந்த 13 கிராமுக்கு 0.91 மி.லி. புது ரத்தம் வேண்டும். பதினெட்டு சொட்டு, அவ்வளவுதான்! லிட்டருக்கு 120 கிராம் ஹீமோகுளோபின், ஒவ்வொரு கிராமிலும் சுமார் 3.4 மி.கி. இரும்பு. பெருக்கினால் 0.37 மி.கி. தோல், குடல் வழியாகத் தினமும் உதிர்ந்து போவது 0.26. தசைக்கும் சேமிப்புக்கும் 0.06. ஆகமொத்தம் 0.69.

வாயில் போவதெல்லாம் உடம்பில் ஒட்டாது. கூழும் பருப்புமாகச் சாப்பிடும் குழந்தைக்குப் பத்தில் ஒரு பங்குதான் சேரும் என்று அட்டவணை போட்டவர்கள் வைத்தார்கள். அப்படியானால் 6.9 மி.கி. ஊட்ட வேண்டும். அது பாதிப் பிள்ளைகளுக்குத்தான் போதும். ஏறக்குறைய எல்லோருக்கும் எட்டவேண்டுமே, அதனால் 11.

அப்பாவுக்குத் தினமும் போவது சுமார் 1 மி.கி. அவர் வளர்வதில்லை (வயிறு வேறு கதை). இறைச்சியும் சேர்ந்த சாப்பாட்டில் 18 சதவீதம் சேரும் என்று அவருக்குக் கணக்கு. அதனால்தான் அவருக்கு 8 போதும். உடம்பில் சேரவேண்டியதை மட்டும் பார்த்தால், 0.69-க்கு 1 என்று அவருக்குத்தான் கூடுதல். ஆனால் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் குழந்தைக்கு ஐந்து மடங்குக்கு மேல்.

அந்த 1 மி.கி. எங்கிருந்து வந்தது தெரியுமா? இரும்பை வேண்டாமென்று வெளியே தள்ளும் வழி உடம்புக்கு இல்லை, உள்ளே விடுவதில்தான் அதன் கட்டுப்பாடெல்லாம் என்று மெக்கன்ஸ், விடோசன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1937-இல் எழுதினார்கள். நான் மாணவனாக இருந்தபோது படித்து, அன்று ராத்திரி தூங்கவில்லை. 1968-இல் வெளியிட்ட ஆய்வில் கிரீன் முதலானோர் கதிரியக்க இரும்பை ஏற்றி, சியாட்டில், வெனிசுவேலா, டர்பன் நகர இந்தியர் என்று ஆண்களை நெடுநாள் பின்தொடர்ந்து இழப்பை அளந்தார்கள். ஒன்றிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த அட்டவணை நேராக அளந்த இழப்பை எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஆண்களின் கணக்கையே உடல் பரப்பளவுக்கு ஏற்பச் சுருக்கிப் போட்டார்கள். அளவு எடுக்காமல் அப்பாவின் சட்டையைப் பிடித்துத் தைத்த மாதிரி! பல வருஷமாக இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அதே அட்டவணையில் 14 வயதுப் பெண்ணுக்கு 15 என்று இருக்கும். அது உன் கணக்கு. மாதவிடாயில் போவதையும் சேர்த்து, திங்கட்கிழமை போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
உன் ஆசிரியர்