புழக்கடைக் கோழிகளும் வெள்ளைக் கழிச்சலும்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் நெல் விளைவிக்கும் குடும்பங்களிலும், குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்களில் தறி நெய்யும் குடும்பங்களிலும், புழக்கடையில் ஐந்தாறு பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்ப்பது பழைய வழக்கம். முட்டையும் குஞ்சும் விற்றுவரும் பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிகளின் சிறுவாடு. நூல் கடனும் உரக் கடனும் நெருக்கும் மாதங்களில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவு இதிலிருந்தே நடப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். இச்சிறு செல்வத்தை ஒரே வாரத்தில் துடைத்துக்கொண்டு போகும் தொற்றுநோய்தான் வெள்ளைக் கழிச்சல்.

இதற்கு இராணிக்கேத் நோய் என்றும் பெயர். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தில் நியூகாசில் நகரிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. 1928-ல் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கேத்தில் கண்ட நோயை விவரித்து எழுதியதால், நம் நாட்டில் அவ்வூர்ப் பெயரே நிலைத்துவிட்டது. அழகிய மலையூருக்கு இப்படியொரு புகழ்!

நோய் கண்ட கோழி இரை எடுக்காது. இறகைத் தொங்கவிட்டு ஒதுங்கி நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றிற்குக் கால் இழுத்துக்கொள்ளும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் மாண்டுபோவதுண்டு. நோய் கண்டபின் தீர்க்கும் மருந்து இல்லை. சின்ன வெங்காயம், சீரகம், கீழாநெல்லி முதலியவற்றை அரைத்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பழிக்க வேண்டியதில்லை. ஆயினும் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடுதல் தகாது.

நோய் எவ்வாறு ஊருக்குள் வருகிறது? காற்றையும் காகத்தையும் குறை கூறுவோர் பலர். பெரும்பாலும் அதைக் கொணர்வது மனிதர் கையே. ஒரு வீட்டில் இரண்டு கோழிகள் சோர்ந்தால், மற்றவையும் சாகுமுன் விற்றுவிடுவோம் என்று கூடையில் வைத்துச் சந்தைக்குக் கொண்டு போகிறார்கள். கிருமி உடலுட் புகுந்து அறிகுறி தோன்றச் சாதாரணமாக ஐந்தாறு நாட்கள் ஆகும். பதினைந்து நாள் வரையிலும் செல்லலாம். எனவே சந்தையில் துள்ளித் திரியும் கோழி வாங்கியவர் வீட்டில் நாலாம் நாள் படுத்துவிடுகிறது. விற்றவருக்கு நூறோ இருநூறோ மிஞ்சியது. வாங்கியவரின் தெருவே காலியாயிற்று. புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியே அடைத்து, அதற்குத் தீனி வைத்த கையைக் கழுவியபின்பே நம் கோழிகளிடம் செல்லவேண்டும். எச்சம் ஒட்டிய செருப்பும் கூடையும்கூட நோயைச் சுமக்கும். நோய்க்கோழியை அறுத்துக் குடலையும் இறகையும் வாய்க்காலில் எறிவது அண்டை ஊருக்கும் அனுப்பிவைப்பதாகும். இறந்ததை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டும்.

இனித் தடுப்பு முறை. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ எஃப் அல்லது லசோட்டா வகைச் சொட்டு மருந்து. எட்டாவது வாரத்தில் இறக்கையின் அடியில், தோலுக்குக் கீழ், ஆர். டூ. பி. ஊசி. இவ்வூசி மருந்து 1940-களில் முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹாடோ, இட்னானி என்னும் இருவர் கிருமியைக் கோழிக் கருவில் பன்முறை வளர்த்து வீரியம் குறைத்ததால் கிடைத்தது. சிறிது வீரியம் எஞ்சியிருப்பதால் இளங்குஞ்சுகளுக்கு இதைப் போடலாகாது. ஊசிக்கு ஒரு வாரம் முன் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தல் நன்று. கிருமி ஏற்கெனவே புகுந்துவிட்ட கோழியை ஊசி காப்பாற்றாது. ஆகையால் நோய் வந்தபின் ஓடுவதில் பயனில்லை.

இங்கேதான் கூட்டுறவுக்கு வேலை இருக்கிறது. ஊசி மருந்துக் குப்பி ஒன்று நூறு அல்லது இருநூறு கோழிகளுக்கு ஆகும். அதைப் பனிக்கட்டியில் வைத்தே கொணரவேண்டும்; கரைத்தபின் ஓரிரு மணிக்குள் தீர்க்கவேண்டும். எட்டுக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்காரர் தனியே ஒரு குப்பியை உடைத்தால் மீதி வீணே. பதினைந்து வீட்டார் சேர்ந்தால் ஒரு குப்பி சரியாகிறது. மேலும், பதினான்கு வீடு போட்டு ஒரு வீடு போடாவிடில், நோய் அவ்வீட்டில் தங்கி, அடுத்துப் பொரிக்கும் குஞ்சுகளைத் தேடி வரும். பெட்டைகள் எல்லார் முற்றத்திலும் மேய்பவை. வேலி அவற்றைத் தடுப்பதில்லை.

கால்நடை பராமரிப்புத் துறையினர் பெரும்பாலான ஆண்டுகளில் பிப்ரவரி மாதத்தில் இரு வாரம் இலவச முகாம் நடத்திவருகின்றனர். கோடை நெருங்க நோய் மிகுவதால் இது தக்க பருவமே. ஆனால் முகாமுக்குப் பின் பொரிக்கும் குஞ்சுகள் அடுத்த முகாம் வரை காத்திருக்க இயலாது. ஆகவே சங்கத்தின் கிளை தோறும் ஒரு நோட்டில் வீடு, கோழி எண்ணிக்கை, குஞ்சு பொரித்த நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, நூறு சேர்ந்ததும் கால்நடை மருந்தகத்திற்குச் சொல்லியனுப்பலாம். பொழுது விடியுமுன் கூட்டைத் திறவாதிருந்தால் பிடிக்கும் தொல்லை இல்லை. மருத்துவர் வரும் நேரத்தை முன்னாள் மாலையே தெருவாருக்கு அறிவித்துவிட வேண்டும்.